ஆழ்வார்பேட்டைல எங்க சாப்பிடுறது? பில்லுல எதுக்கு காசு போகுதுனு பாத்துட்டு போங்க

"பெங்களூர்ல இருந்து ஆழ்வார்பேட்டைக்கு குடிவந்திருக்கோம், மாமனார் மாமியார் சுத்த சைவம், நாங்க ரெண்டு பேரும் எல்லாம் சாப்பிடுவோம், பத்து வயசுல ஒரு பையன், ரேட்டிங் பாத்து போனா பில்லுதான் பெருசா வருது, வயிறும் நிறைய மாட்டேங்குது மனசும் நிறைய மாட்டேங்குது, எங்க போறதுனு சொல்லுங்க"னு கேட்டிருக்கீங்க. நான் ரொம்ப வருஷம் ஹோட்டல் லைன்ல இருந்தவன், கிச்சன்லயும் நின்னிருக்கேன், கணக்கு பக்கமும் உக்காந்திருக்கேன், இப்ப குடியிருக்கறதும் இதே ஏரியா. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, ஆழ்வார்பேட்டை, போயஸ் கார்டன், போட் கிளப், ராஜா அண்ணாமலைபுரம், இந்தப் பக்கம் கோபாலபுரம், கதீட்ரல் ரோடு வரைக்கும் எல்லாமே சென்னைல நிலத்து விலை தலை சுத்துற ஏரியா. இங்க ஒருத்தர் கடை போட்டா வாடகைக்கே பாதி உசுரு போயிடும். அந்த வாடகை எங்க இருந்து வரும், உங்க காபில இருந்துதான் வரும். அதனால இங்க சாப்பிடப் போறப்ப நம்ம கொடுக்குற காசு இடத்துக்கு போகுதா, சமைக்கிற ஆளோட கைக்கு போகுதா, இல்ல ஹோட்டல் பேருக்கு போகுதானு பாக்கணும். மூணுமே தப்பில்ல, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மரத்தடில உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசணும்னா இடத்துக்கு காசு கொடுக்கறது நியாயம்தான். ஆனா மாமனாருக்கு நல்ல பொங்கல் வாங்கிக் கொடுக்கணும்னு அதே இடத்துக்கு கூட்டிட்டு போனீங்கன்னா வீடு வர்ற வரைக்கும் அவர் முகத்தை பாக்க முடியாது.

இன்னொரு விஷயம், பெங்களூர்ல இருந்து வர்றவங்க எல்லாருக்கும் இங்க வந்த புதுசுல ஒரு குழப்பம் இருக்கும். அங்க இந்திராநகர்ல எந்த ரெஸ்டாரண்ட்ல வேணும்னாலும் ஒரு பீர் சொல்லிக்கலாம், இங்க அப்படி கிடையாது. தமிழ்நாட்டுல தனி ரெஸ்டாரண்டுக்கு மது லைசென்ஸ் கிடையாது, பார் வேணும்னா ஸ்டார் ஹோட்டலா இருக்கணும், இல்ல மெம்பர்ஷிப் கிளப்பா இருக்கணும், வயசும் 21 ஆகியிருக்கணும். இதனால என்ன ஆச்சுன்னா, வெளியூர்ல ரெஸ்டாரண்ட்காரன் சாப்பாட்டுல விட்டதை சரக்குல பிடிச்சுக்குவான், இங்க இருக்குறவனுக்கு அந்த வழியே இல்ல. சாப்பாட்டுலயும் காபிலயும் கேக்குலயும்தான் அவன் பொழைக்கணும். இந்த ஏரியாவுல தடுக்கி விழுந்தா கஃபேயா இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். 350 ரூபாய்க்கு ஒரு ஐஸ் காபி வைக்கிறதும் அதனாலதான், திட்டாதீங்க.

வரி விஷயமும் சொல்லிடுறேன், ஏன்னா பில்லுதான் பெருசா வருதுனு நீங்களே சொல்லியிருக்கீங்க. தனி ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்டா ஜி.எஸ்.டி. 5 பர்சென்ட்தான். ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல போற ஹோட்டலுக்குள்ள இருக்குற ரெஸ்டாரண்ட்னா 18. அஞ்சு பேர் போய் 10,000 ரூபாய்க்கு சாப்பிட்டா வரில மட்டும் 1,300 ரூபாய் வித்தியாசம். அப்புறம் சர்வீஸ் சார்ஜ்னு ஒண்ணு தனியா போடுவாங்க, அது அரசாங்க வரி இல்ல. அதை தானா பில்லுல சேக்கக் கூடாதுனு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைல வழிகாட்டுதல் போட்டுச்சு, ரெஸ்டாரண்ட் சங்கங்கள் கோர்ட்டுக்கு போச்சு, டெல்லி ஹைகோர்ட் 2025 மார்ச்ல ஆணையம் பக்கமே தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால பில்லுல அது இருந்தா சத்தம் போடாம "இதை எடுத்துடுங்க"னு சொல்லுங்க, எடுத்துடுவாங்க. பரிமாறின பையனுக்கு ஏதாவது கொடுக்கணும்னு தோணுச்சுன்னா கைல கொடுத்துட்டு வாங்க, அது அவனுக்கு நேரா போய் சேரும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். காலை டிபன்ல இருந்து ஆரம்பிக்கிறேன், மாமனார் மாமியாரை மொதல்ல கவனிச்சுட்டா மத்தது தன்னால நடக்கும்.

டிபனுக்கு ஆழ்வார்பேட்டைக்குள்ளயே தேடாதீங்க. நேரா மயிலாப்பூர் போங்க, ஆட்டோல பத்து நிமிஷம். அருண்டேல் தெருவுல ராயர் மெஸ்னு ஒண்ணு, போர்டு பாத்து கண்டுபிடிக்கணும்னா கஷ்டம், வெளிய நின்னுட்டு இருக்குற ஆளுங்களை வச்சு கண்டுபிடிச்சுடலாம். உள்ள சின்ன இடம், கொஞ்சம் பேர்தான் உக்கார முடியும், மத்தவங்க வெளிய காத்திருக்கணும், அந்த நேரத்துல பென்ஸ்ல வந்தவரும் சைக்கிள்ல வந்தவரும் ஒரே வரிசைலதான். இலையை போட்டு இட்லி, பொங்கல், வடை. மெனுவே அவ்வளவுதான்னு வச்சுக்கோங்க. இங்க கெட்டி சட்னினு ஒண்ணு வைப்பாங்க பாருங்க, அதுக்குத்தான் கூட்டமே, தண்ணியா ஓடாது, இலைல வச்ச இடத்துலயே நிக்கும், பச்சை மிளகாய் காரம் மூக்குல ஏறும், சூடா இருக்குற பொங்கல் மேல அதை ஒரு ஓரமா தொட்டுக்கிட்டு மொதல் வாய் வைக்கணும், அப்புறம்தான் சாம்பார். சாம்பாரை மொதல்லயே ஊத்திட்டா ரெண்டும் கெட்டுச்சு. வடை வரும்போதே எடுத்துடுங்க, அடுத்த ஈடு வர்றதுக்குள்ள நம்ம பொங்கல் முடிஞ்சிருக்கும். அஞ்சு பேரும் வயிறு முட்ட சாப்பிட்டாலும் கஃபேல ஒரு ஆளுக்கு ஆகுற பில்லுதான் வரும்.

ராயர் மெஸ்ல நிக்க முடியல, மாமியாருக்கு கால் வலினா கிழக்கு மாட வீதில மயிலை கற்பகாம்பாள் மெஸ் இருக்கு. அங்க காலை டிபனை விட சாயங்காலம்தான் எனக்கு பிடிக்கும், அடை அவியல், கீரை வடை, ஒரு டிகிரி காபி. கோயிலுக்கு போயிட்டு அப்படியே உள்ள நுழைஞ்சுடலாம். பொன்னம்பல வாத்தியார் தெருவுல ஜன்னல் கடைனு ஒண்ணு, நிஜமாவே ஒரு வீட்டு ஜன்னல் வழியாதான் கொடுப்பாங்க, பஜ்ஜி வாங்கி தெருவுல நின்னு சாப்பிடணும், உங்க பையனுக்கு இது ரொம்ப பிடிக்கும், மாமனாருக்கு பிடிக்குமானு கேட்டுட்டு கூட்டிட்டு போங்க.

"ஏ.சி. வேணும், பாத்ரூம் சுத்தமா இருக்கணும், கார் நிறுத்த இடம் வேணும், ஆனா சைவ டிபன்தான்"னா ராதாகிருஷ்ணன் சாலைல நியூ உட்லண்ட்ஸ். இதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா இந்த ஏரியாவோட சாப்பாட்டு கதையே அந்தக் குடும்பத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. உடுப்பி பக்கத்துல இருந்து வந்த கிருஷ்ணா ராவ் 1938-ல ராயப்பேட்டைல உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சார், அப்புறம்தான் இங்க வந்தது. 1962-ல கதீட்ரல் ரோட்டுல தோட்டக்கலை சங்கத்து நிலத்துல டிரைவ் இன் உட்லண்ட்ஸ் வந்துச்சு, காருக்குள்ள உக்காந்துட்டே ஜன்னல்ல தட்டு மாட்டி சாப்பிடுற இடம், ஆனா பாதி பேர் கார்ல வரமாட்டாங்க, உள்ள உக்காந்து ஒரு காபியை வச்சுட்டு மத்தியானம் முழுக்க பேசிட்டு இருப்பாங்க, சினிமாக்காரங்க, வக்கீலுங்க, மெடிக்கல் ரெப்புங்க, காலேஜ் பசங்க. 2008-ல மூடிட்டாங்க. இப்ப அந்த இடத்துலதான் செம்மொழிப் பூங்கா இருக்கு, 2010-ல திறந்தது. உங்க பக்கத்து வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா டிரைவ் இன் பத்தி கேட்டுப் பாருங்க, அன்னிக்கு சாயங்காலம் உங்களுக்கு வேற வேலை ஓடாது.

நியூ உட்லண்ட்ஸ் இப்ப எப்படினு கேட்டா, பிரமாதம்னு சொல்லமாட்டேன், ஆனா ஏமாத்தாது. பெரியவங்களோட போறதுக்கு நிதானமான இடம். சாட், சோளே பட்டூரா மாதிரி வடக்கத்தி சைவம்னா கதீட்ரல் ரோட்டுல கங்கோத்ரி இருக்கு, பையனுக்கு பானி பூரி வாங்கிக் கொடுக்கலாம்.

அடுத்து கஃபே. இந்த ஏரியாவோட அடையாளமே பழைய வீட்டை கஃபேயா மாத்துறதுதான். ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டுல அமேதிஸ்ட்னு ஒண்ணு, மொதல்ல கோபாலபுரம் ஜெய்ப்பூர் காலனில ஒரு பழைய பங்களாவுல இருந்துச்சு, அப்புறம் இங்க மாறுச்சு. சுத்தி செடி கொடி, பின்னாடி துணிக்கடை, பூக்கடை. மழை தூறிட்டு இருக்குற ஒரு மத்தியானம் அங்க வராண்டாவுல இடம் கிடைச்சா சென்னைல இருக்கோம்ங்கிறதே மறந்துடும். ஆனா சாப்பாட்டுக்காக மட்டும் போகாதீங்க, அங்க நீங்க கொடுக்குற காசு அந்த மரத்துக்கு. சேமியர்ஸ் ரோட்டுல, அதாவது இப்போ பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை, சேமியர்ஸ்னே பேரு வச்ச கஃபே ஒண்ணு இருக்கு, அதுவும் பழைய வீடு, துணிக்கடையோட சேர்ந்தது. கோபாலபுரம் லாயிட்ஸ் ரோட்டுல லாயிட்ஸ் டீ ஹவுஸ், காபி வேணாம் டீதான்னு சொல்றவங்களுக்கு. இந்த மூணுலயும் ஒரே விதிதான், சாயங்காலம் போங்க, ஒரு சாண்ட்விச், ஒரு கேக், டீ காபியோட நிறுத்திக்கோங்க, முழுச் சாப்பாடு சொல்லாதீங்க.

நிஜமாவே சமையலுக்காக போற கஃபேனா, டி.டி.கே. ரோட்டுல இருந்து உள்ள போற பீமண்ண கார்டன் தெருவுல பம்ப்கின் டேல்ஸ். ரொட்டி எல்லாம் அங்கயே போடுறாங்க, அது மொதல் கடியிலயே தெரியும். ஞாயித்துக்கிழமை காலைல போன் பண்ணாம போனா வெளிய நிக்கணும். சைவத்துக்கும் நிறைய இருக்கு, "சாலட் மட்டும்தான் இருக்கு"னு கைய விரிக்க மாட்டாங்க. அதே டீம்ல இருக்குறவங்கதான் டி.நகர்ல பாண்டன் கிளப்னு பெரனாக்கன் சாப்பாட்டுக்கு ஒரு இடம் ஆரம்பிச்சாங்க, சிங்கப்பூர் மலேசியா பக்கம் சீனக் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் கலந்து வந்த சமையல் அது, தேங்காப்பால், புளி, எலுமிச்சைப் புல், மிளகாய். நம்ம நாக்குக்கு அந்நியமாவே இருக்காது, நம்ம ஆளுங்க நூறு வருஷமா அந்தப் பக்கம் போயிட்டு வந்துட்டு இருக்கறதுதானே. வீட்டுல யாராவது சிங்கப்பூர்ல இருந்தவங்கன்னா அவங்களை கூட்டிட்டு போங்க, அவங்க குறை சொல்ற அளவுக்காவது நல்லா இருக்கும்.

பீட்டர்ஸ் ரோட்டுல ரைட்டர்ஸ் கஃபே பத்தியும் சொல்லணும். புத்தகக் கடையோட சேர்ந்த கஃபே, தீக்காயத்துல இருந்து மீண்டு வந்த பெண்களுக்கு பேக்கிங், சமையல் பயிற்சி கொடுத்து வேலைக்கு வச்சிருக்குற இடம். இரக்கப்பட்டு போகணும்னு சொல்லல, கேக்கும் பேஸ்ட்ரியும் நிஜமாவே நல்லா இருக்கும், விலையும் ஆழ்வார்பேட்டை விலை இல்ல. பையன் ஒரு புத்தகத்தை எடுத்துட்டு மூலைல உக்காந்துடுவான், நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா பேசலாம்.

இப்ப நீங்க ரெண்டு பேரும் மட்டும் போற நாளுக்கு வர்றேன். என்னைக் கேட்டா இந்த வட்டாரத்துல காசுக்கு மரியாதை கொடுக்குறது கேரளா சாப்பாடுதான். போயஸ் கார்டன்ல கஸ்தூரி எஸ்டேட் பக்கம் எந்தே கேரளம், அதுவும் பழைய வீடுதான், ரூம் ரூமா டேபிள் போட்டிருப்பாங்க. கரிமீன் பொள்ளிச்சது சொல்லுங்க. வாழை இலைல மடிச்சு கல்லுல போட்டு வரும், இலையை பிரிக்கும்போது ஓரம் கருகியிருக்கும், அந்தக் கருகின இலை வாசனைதான் பாதி ருசி, மீன் மேல வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் வதங்கி ஒட்டிட்டு இருக்கும், முள்ளு ஜாஸ்தி, அவசரப்படக் கூடாது, கைலதான் சாப்பிடணும். கூட ஆப்பம். ஆப்பத்தை மொத்தமா சொல்லாதீங்க, ரெண்டு ரெண்டா கேட்டு வாங்குங்க, ஆறினா ஓரம் எல்லாம் தோல் மாதிரி ஆயிடும். சைவத்துக்கு காய்கறி இஷ்டு இருக்கு, ரெண்டாம் தேங்காப்பால்ல காயை வேக வச்சு கடைசில மொதல் பால் ஊத்தி இறக்குற சமாச்சாரம், காரமே இருக்காது, மாமியாருக்கு கண்டிப்பா பிடிக்கும். முடிவுல இளநீர் பாயசம், அதை விட்டுட்டு வராதீங்க.

நுங்கம்பாக்கத்துல கப்ப சக்க காந்தாரி இன்னொண்ணு. 2018-ல சென்னைல ஆரம்பிச்சது, இப்ப பெங்களூர்லயும் இருக்கு, ஒருவேளை நீங்க போயிருக்கலாம். செஃப் ரெஜி மேத்யூ கேரளாவுல வீடு வீடா கள்ளுக்கடை கள்ளுக்கடையா போய் அங்க சமைக்கிற அம்மாக்கள்கிட்ட இருந்து எடுத்துட்டு வந்த பதார்த்தங்கள். ராமசேரி இட்லி இருந்தா பெரியவங்களுக்கு வாங்கிக் கொடுங்க, பாலக்காடு பக்கம் ராமசேரினு ஒரு கிராமம், தமிழ்நாட்டுல இருந்து போய் குடியேறின முதலியார் குடும்பங்கள் செய்யுற இட்லி அது, மண்பானை வாய்ல கயிறு கட்டி துணி போட்டு ஆவில வேக வைப்பாங்க, தட்டையா தோசை மாதிரி இருக்கும் ஆனா இட்லி மெத்து. இங்க இளநீர்ல ஒரு புட்டிங் இருக்கு, கிளவுட் புட்டிங்னு பேரு, வாய்ல வச்சா எங்க போச்சுனு தேடணும். காந்தாரி மிளகாய் ஐஸ்கிரீம்னு ஒண்ணு, மொதல்ல குளிரும் அப்புறம் எரியும், பையனுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்து வேடிக்கை பாருங்க.

இங்க சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி.டி.கே. ரோட்டுல பெஞ்சராங்னு தாய் ரெஸ்டாரண்ட் இருக்கு, ரொம்ப வருஷமா ஓடுது, நல்ல இடம். ஆனா பொதுவா தாய் சமையல்ல பச்சைக் குழம்பு சிவப்புக் குழம்பு எதுவா இருந்தாலும் அரைக்கிற மசாலா விழுதுலயே புளிக்க வச்ச இறால் விழுது சேரும், உப்புக்கு பதிலா மீன் சாஸ் ஊத்துவாங்க. காய் போட்டுட்டா சைவம் ஆயிடாது. எந்த தாய் கடைக்கு போனாலும் ஆர்டர் எடுக்குறவர்கிட்ட "விழுதுல இறால் இருக்கா, மீன் சாஸ் இருக்கா, சைவத்துக்கு தனியா அரைக்கிறீங்களா"னு மூணையும் வாய் விட்டு கேளுங்க. சைனீஸ்ல ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பில செய்யுற சாஸ், அதையும் அதே மாதிரி கேக்கணும். கிச்சன்ல நின்னவன் சொல்றேன், கேட்டா மாத்திக் கொடுப்பாங்க, கேக்கலைன்னா வழக்கமா போடுறதைத்தான் போடுவாங்க. மாமனார் மாமியார் அசைவம் சமைக்கிற கிச்சன்லயே சாப்பிடமாட்டோம்னு சொல்ற ரகம்னா இதெல்லாம் விட்டுடுங்க, கோடம்பாக்கம் ஹை ரோட்டுல பாம்குரோவ் ஹோட்டல்ல ஊட்டுபுரானு கேரளா சைவம் மட்டும் போடுற இடம் இருக்கு, அங்க போங்க.

ஸ்டார் ஹோட்டல் பத்தி. இந்த ஏரியாவுக்கு ஒரு பெரிய இழப்பு ஆச்சு. டி.டி.கே. ரோடு முனைல இருந்த பார்க் ஷெரட்டன், அடையார் கேட் ஹோட்டல்னும் ஊர்ல சொல்லுவாங்க, கடைசில கிரவுன் பிளாசானு பேரு மாறுச்சு, 2023 டிசம்பர்ல அதை மூடிட்டாங்க. அங்கதான் 1989-ல தக்ஷின் ஆரம்பிச்சது. தென்னிந்திய சாப்பாடுனா இட்லி தோசைதான், அது உடுப்பி ஹோட்டல் சமாச்சாரம்னு இருந்த காலத்துல, செட்டிநாடு, ஆந்திரா, மலபார், மைசூர்னு வீட்டுச் சமையலை அஞ்சு நட்சத்திர டேபிள்ல வச்ச இடம் அது. ஒரு ஐயர் டிராலி தள்ளிட்டு வந்து டேபிள் பக்கத்துலயே குட்டி குட்டி தோசை ஊத்தித் தருவார். தக்ஷின் பேரு இன்னும் மத்த ஊர் ஐ.டி.சி. ஹோட்டல்கள்ல இருக்கு, பெங்களூர் வின்ட்சர்ல நீங்க பாத்திருப்பீங்க, பிறந்த வீடு இப்ப இல்ல.

அதுக்கு பதிலா இப்ப போகணும்னா தாஜ் கோரமண்டல், நுங்கம்பாக்கம் ஹை ரோட்டுல, 1974-ல இருந்து இருக்கு. அதுல சதர்ன் ஸ்பைஸ் தென்னிந்தியா, கோல்டன் டிராகன் சைனீஸ், பிரீகோ இத்தாலியன். கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம், வெளிநாட்டுல இருந்து பாஸ் வந்திருக்கார், இந்த மாதிரி நாளுக்கு சதர்ன் ஸ்பைஸ். தலைக்கு 3,000 ரூபாய்க்கு மேல வச்சுக்கோங்க, வரி 18, மேல சொன்னேனே. சைவம் தனியாவும் அசைவம் தனியாவும் செட் சாப்பாடா எடுத்தா நல்லது, ஒண்ணு ஒண்ணா சொன்னா கணக்கு எங்கயோ போயிடும். ராதாகிருஷ்ணன் சாலை சவேரால மால்குடினு தென்னிந்திய ரெஸ்டாரண்ட் இருக்கு, அதே ரகம், அவ்வளவு செலவில்ல, மாடில மினார்னு முகலாய் சாப்பாடு. அண்ணா சாலை ரெயின் ட்ரீ மாடில அப் நார்த், பஞ்சாபி, காத்து நல்லா வரும், தந்தூரிக்கு போகலாம். கதீட்ரல் ரோட்டுல இருக்குற வெல்கம் ஹோட்டலுக்கு முன்ன சோழானு பேரு, ஐ.டி.சி. கம்பெனி ஹோட்டல் தொழிலுக்குள்ள வந்ததே 1975-ல அந்தக் கட்டடத்துலதான்.

கிண்டில ஐ.டி.சி. கிராண்ட் சோழால அவர்த்தனானு ஒண்ணு இருக்கு, எல்லாரும் சொல்லுவாங்க, ரசத்தை மார்ட்டினி கிளாஸ்ல ஊத்தித் தர்ற இடம். ஏரியாவுக்கு வெளிய, ஆனா நீங்க ரெண்டு பேரும் மட்டும் ஒரு நாள் போகலாம். மாமனாரை கூட்டிட்டு போகாதீங்க, ரசத்தை இப்படி கொடுத்தா அவர் என்ன சொல்லுவார்னு எனக்கே கேக்குது.

கிளப் பத்தி யாராவது சொல்லுவாங்க, மெட்ராஸ் கிளப்ல சாப்பாடு அப்படி, போட் கிளப்ல இப்படினு. மெட்ராஸ் கிளப் 1832, போட் கிளப் 1867, ரெண்டும் அடையாறு ஆத்தங்கரைல பக்கத்து பக்கத்துல, ஆனா மெம்பர் யாராவது கூட்டிட்டு போனாத்தான் உள்ள போக முடியும். டிரெஸ் விதிமுறை எல்லாம் உண்டு, முன்ன வேட்டி கட்டினா விடமாட்டாங்க. 2014-ல சேப்பாக்கத்துல ஒரு கிளப் நிகழ்ச்சிக்கு வேட்டில போன ஹைகோர்ட் நீதிபதியையே வாசல்ல நிறுத்திட்டாங்க, பெரிய சத்தம் ஆச்சு, அந்த வருஷமே சட்டசபைல சட்டம் போட்டு வேட்டிக்கு தடை போடக் கூடாதுனு ஆக்கிட்டாங்க. அதனால மாமனார் தைரியமா வேட்டில வரலாம், உள்ள விடுறதுக்கு மெம்பர்தான் வேணும்.

பிரியாணிக்கு இந்த ஏரியா சரிப்படாது, ராயப்பேட்டை தாண்டி திருவல்லிக்கேணி பக்கம் போயிடுங்க. செட்டிநாடு, காடை, முயல்னு போகணும்னா ராயப்பேட்டை கௌடியா மடம் ரோட்டுல பொன்னுசாமி, 1954-ல இருந்து இருக்குற பேரு. அவ்வளவுதான் இதுக்கு.

போறதுக்கு முன்னாடி ஒரு போன் கண்டிப்பா போடுங்க. இந்த ஏரியாவுல கடை மாறிட்டே இருக்கும், போன மாசம் இருந்தது இந்த மாசம் இருக்காது, வாடகை அப்படி. மெட்ரோ ரெண்டாவது கட்ட வேலை வேற, கலங்கரை விளக்கத்துல இருந்து பூந்தமல்லி போற லைன் கச்சேரி ரோடு, திருமயிலை, ஆழ்வார்பேட்டை, பாரதிதாசன் ரோடுனு நம்ம வாசல் வழியாவே போகுது, எந்த ரோடு எந்த வாரம் ஒருவழியா இருக்கும்னு சொல்ல முடியாது. கார் எடுக்காதீங்க, ஆட்டோ புக் பண்ணிட்டு போங்க. போன்ல டேபிள் மட்டும் கேக்காதீங்க, படி இருக்கா, தரைத்தளத்துல இடம் கிடைக்குமானு கேளுங்க, பழைய வீட்டை மாத்தின கஃபேல பாதி டேபிள் மாடிலதான் இருக்கும், லிஃப்ட் இருக்காது, மாமியார் கால் வலியோட ஏறணும். ஏ.சி. உள்ளயா வெளியவானும் கேட்டுக்கோங்க, ஏப்ரல் மே மாசத்துல தோட்டத்துல உக்கார வச்சாங்கன்னா சாப்பாடு வர்றதுக்குள்ள நம்மளே வெந்துடுவோம்.

டிசம்பர் வந்துச்சுன்னா மேல சொன்ன எதுவும் வேணாம். மார்கழி சீசன்ல உங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துலயே மியூசிக் அகாடமி இருக்கு, நாரத கான சபா இருக்கு, ரெண்டும் டி.டி.கே. ரோட்டுலதான். கச்சேரிக்கு டிக்கெட் இல்லைன்னாலும் கேன்டீனுக்கு போகலாம், யாரும் கேக்கமாட்டாங்க, பாதி கூட்டம் சாப்பிடத்தான் வருது, பாடுறவங்களுக்கே அது தெரியும். ஊர்ல இருக்குற பெரிய கல்யாண சமையல்காரங்க வந்து போடுவாங்க, எந்த சபால இந்த வருஷம் யாருனு டிசம்பர் மொதல் வாரமே பேப்பர்ல வந்துடும். மத்தியானம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் டிபன், தினமும் ஒரு புது அல்வா. சாம்பார் ரெண்டாவது தடவை வரும்போது இலைல குழி பண்ணி வச்சுக்கோங்க, நிக்காம போயிடுவாங்க. வார நாள்ல போங்க, சனி ஞாயிறு வேணாம், டோக்கன் வாங்க 12 மணிக்கு முன்னாடியே ஒரு ஆள் போயிடணும், பந்தி ஆரம்பிச்சதும் மாமனார் மாமியாரை ஃபேனுக்கு கீழ உக்கார வச்சுட்டு நீங்க அடுத்த பந்திக்கு நில்லுங்க.